காற்றில் வந்த கீதங்கள் – 9: பெரிய பெயர்களில் போய்ச் சேரும் பாட்டுகள்

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வழியாகத் தென்கிழக்கே வரும் சாலையில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் ஓசையைக் கடந்து வந்தால், அரசாங்க சிமெண்ட் ஆலையினால் பெயர் பெற்ற எங்கள் ஆலங்குளம் வரும். இதே பெயரில் தென்காசிச் சீமையிலும் ஓர் ஊர் உண்டு; திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் பெருவழியில் அமைந்ததாலும், ஒரு தாலுகாவுக்கே தலைமையிடமாக இருப்பதாலும், அது எங்கள் ஊரைக் காட்டிலும் பிரசித்தமானது. ஆகையினால், பழைய பாட்டொன்றைக் கேட்க விரும்பி எங்கள் ஊர்க்காரர் யாராவது வானொலி நிலையத்துக்கு எழுதிப் போட்டால், அவருடைய பெயரையும் அவர் மனைவி மக்களின் பெயர்களையும் பிழையின்றி வாசிக்கிற அறிவிப்பாளர், ஊரை மாத்திரம் தென்காசிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவதுண்டு. டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள். அத்தோடு விஷயம் தீர்ந்துவிடும். ஆனால் சிறிய ஊரின் கணக்கு பெரிய ஊரின் பேரேட்டில் ஏறிவிடுகிற இந்தக் காரியம், பாட்டுகளின் விஷயத்திலும் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும், அங்கே அது சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று என்பதையும் இந்த வாரம் பிரஸ்தாபிக்க எண்ணுகிறேன்.

பாட்டுகளை வரிசைப்படுத்தி, கடைசி ஸ்தானத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, முதல் ஸ்தானத்தை நிகழ்ச்சியின் முடிவுவரை மறைத்துவைத்து ஒலிபரப்புகிற உபாயம் நம் நாட்டில் வேரூன்றியது இலங்கை வானொலியின் தயவினால்தான். சினிமாப் பாட்டு சங்கீத ருசியைக் கெடுத்துவிடும் என்ற அபிப்பிராயமுடைய பி.வி. கேஸ்கர் 1952-இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியானபின், அகில இந்திய வானொலியில் அப்பாட்டுகளுக்கு இடம் சுருங்கிப்போயிற்று; போட்ட கொஞ்சம் பாட்டுகளுக்கும் படத்தின் பெயரைச் சொன்னால் அது இலவச விளம்பரமாகிவிடும் என்று கருதி, பாடகரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது. நேயர்கள் முள்ளைத் திருப்பினார்கள். 1950-இல் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அவர்களுக்காகக் காத்திருந்தது. அங்கிருந்துதான் 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' புதன்கிழமை இரவுகளில் ஹிந்திப் பாட்டுகளைப் பரப்பத் தொடங்கி, சில காலத்துக்குள் தரவரிசை நிகழ்ச்சியாக மாறிற்று. அங்கிருந்தே எஸ்.பி. மயில்வாகனன் தமிழில் பேசினார், பின்னால் கே.எஸ். ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசினார்கள். 1963-இல் திருநெல்வேலி நிலையம் ஏற்படுவதற்கு முன்னரும், ஏற்பட்ட பின்னருங்கூட, எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் கொழும்பின் குரல் பக்கத்து வீட்டுக் குரலைப் போலத் தெளிவாகக் கேட்டது. படம், சங்கீதம், கவி, குரல் ஆகிய நான்கையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போட வேண்டும் என்ற ஒழுங்கை எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டதும் அவர்களிடத்திலேதான்.

இன்றைய பண்பலைகளில், 'அறுபதுகளின் முதல் பத்து', 'அந்த வருஷத்தின் உச்சப் பாடல்' என்றெல்லாம் வருகிற வரிசைகளைக் கேட்கும்போது, முதலில் எழவேண்டிய சந்தேகம், அந்த ஸ்தானங்களை நிர்ணயித்தவர் யார் என்பதே. அமெரிக்காவில் கேசி கேசம் என்பவர் 1970-இல் தமது புகழ்பெற்ற 'நாற்பது பாட்டு' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, அவருக்கு முன்னால் பில்போர்டு பத்திரிகை வாரந்தோறும் அச்சிட்ட பட்டியல் இருந்தது. அமீன் சயானிக்கு இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை விவரமும் நேயர் சங்கங்களின் வாக்கும் இருந்தன; அவை பூரணமான பிரமாணங்களல்ல என்றாலும் பிரமாணங்கள்தாம். தமிழ்ப் பாட்டுகளுக்கோ, வாரவாரம் விற்பனையைக் கணக்கிட்டு வெளியிட்டு, அதைப் பாதுகாத்தும் வைத்த பத்திரிகை ஒன்று நிலைபெறவே இல்லை. ஆதலால் 1964-ஆம் வருஷத்தின் மூன்றாவது பாட்டு இதுதான் என்று ஒருவர் கம்பீரமாக அறிவிக்கும்போது, அது அவருடைய சொந்த ருசியே என்று கொள்ளவேண்டும். ருசியைக் குறைகூறுவதற்கில்லை, அதைச் சரித்திரமென்று சொல்வதைத்தான் குறைகூற வேண்டியிருக்கிறது.

வரிசை போகட்டும். பெயர்களுக்கு வருவோம்.

அகிலனின் நாவலைத் தழுவி 1960-இல் வெளிவந்த 'பாவை விளக்கு' படத்தில், தாஜ்மகாலின் முன்னால் சிவாஜி கணேசன் நடித்த ஜோடிப் பாட்டொன்று உண்டு. அண்மையில் ஒரு தனியார் பண்பலையில் அதை ஒலிபரப்பியவர், பாடியவர் டி.எம். சௌந்தரராஜன் என்றும், சங்கீதம் விஸ்வநாதன் என்றும், எழுதியவர் கண்ணதாசன் என்றும் மூச்சுவிடாமல் சொன்னார். மூன்றும் பிழை. பாடியவர் சி.எஸ். ஜெயராமன்; சங்கீதம் கே.வி. மகாதேவன்; எழுதியவர் மருதகாசி. இது வெறும் அஜாக்கிரதை என்று நான் நினைக்கவில்லை. அஜாக்கிரதையான பிழை எந்தத் திசையிலும் போகும். இங்கேயோ மூன்று பிழைகளும் ஒரே திசையில், அதாவது அதிகம் அறியப்பட்ட பெயரை நோக்கியே போயிருக்கின்றன. சிவாஜி என்றால் சௌந்தரராஜன், அறுபது என்றால் விஸ்வநாதன், நல்ல தமிழ் என்றால் கண்ணதாசன் என்று மனத்துக்குள் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. தெரியாத இடத்தில் அது தானாகவே விடை சொல்லிவிடுகிறது. சிவாஜிக்குச் சௌந்தரராஜன் முதலில் பாடியதே 1954-இல் வந்த 'தூக்குத் தூக்கி'யில்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 'பராசக்தி'யில் அவருக்காக ஒலித்தது ஜெயராமனின் குரல். அந்தக் கனத்த, சற்றே மூக்கோடு உரசி வரும் சாரீரத்தை ஒரு தடவை கவனித்துக் கேட்டவருக்கு இந்தக் குழப்பம் வராது. பேச்சுச் சுவாரஸ்யத்தில் பாட்டைக் கேட்காமலேயே போடுகிறவர்களுக்குத்தான் வரும்.

வாலியின் கதையும் இதுவே. 1963-இல் வந்த 'கற்பகம்', மறு வருஷம் வந்த 'படகோட்டி' ஆகிய படங்களின் பாட்டுகள் முழுவதும் அவருடையவை; 1967-இல் வந்த 'இரு மலர்கள்' படமும் அப்படியே. இவற்றில் செந்தமிழ்ச் சாயல் மிகுந்த பாட்டு எதுவோ, அதுதான் கண்ணதாசன் கணக்கில் அடிக்கடி வரவு வைக்கப்படுகிறது. பெரிய கவிஞருக்கு இதனால் கௌரவம் கூடிவிடுவதில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. அப்போதுதான் பட உலகில் கால் ஊன்றிக்கொண்டிருந்த ஒருவருடைய உழைப்புக்குத்தான் நஷ்டம்.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1952-இல் 'பணம்' படத்தில் இரட்டையராகத் தொடங்கி, 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரையில் சேர்ந்து இசையமைத்தார்கள். அந்தப் பதின்மூன்று வருஷத்துப் படங்களில் எதைப் போட்டாலும் 'எம்.எஸ்.வி. இசையில்' என்று சொல்லி ராமமூர்த்தியை நழுவ விடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, பிரிந்தபின் ராமமூர்த்தி தனித்து இசையமைத்த 'நான்' (1967) படத்தின் பாட்டுகளையும் விஸ்வநாதனுக்கே கொடுத்துவிடுவது. சேர்ந்திருந்தபோதும் பங்கு இல்லை, பிரிந்தபோதும் சொத்து இல்லை என்றால், அந்த வயலின் வித்வான் எங்கே போவார்?

எங்கள் ஜில்லாவைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பாட்டு ஒன்று இருக்கிறது. 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது. காமராஜருடன் ஏற்பட்டிருந்த மனஸ்தாபம் தீரவேண்டுமென்று, விருதுநகர்ச் சிவகாமி அம்மாளின் மகனாகிய அவருக்குக் கவிஞர் அதிலே மறைமுகமாகத் தூது விட்டார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இந்தக் கதையை விரும்பாதவர் இல்லை. அறிவிப்பாளர்களும் அதை ரஸமாகவும், ஒவ்வொரு தடவையும் சிறிது கூட்டியும், சொல்லுகிறார்கள். கதையின் சத்தியாசத்தியம் எப்படியிருப்பினும், கதைக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கிறவர்கள், அதற்கு மெட்டமைத்த ஆர். கோவர்த்தனத்தின் பெயருக்கு ஐந்து விநாடி கொடுப்பதில்லை. கொடுத்தாலும் விஸ்வநாதன் என்று சொல்லிவிடுகிறார்கள். பல படங்களில் விஸ்வநாதனுக்கு உதவியாளராக இருந்தவர் கோவர்த்தனம் என்பதை எண்ணும்போது, இந்தப் பிழையில் ஒரு தனி வேதனை இருக்கிறது.

சில பிழைகளை நாட்காட்டியைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் படம் வந்தது 1968-இல்; 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு நாதஸ்வரத்தை இழையவிட்ட அந்த மகா வித்வான் 1964-லேயே காலமாகிவிட்டார். தில்லானாவில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் நாட்காட்டி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபரில், இருபத்தொன்பதே வயதில் மறைந்தார். அதனால் 1960-இல் வெளிவந்த 'இரும்புத்திரை'யில் அவர் பாட்டு இருக்கமுடியாது என்று வாதிப்பவர் தோற்றுப்போவார். எழுதிய நாள் வேறு, ஒலிப்பதிவான நாள் வேறு, திரைக்கு வந்த நாள் வேறு.

இந்த மூன்று நாள்களின் பேதம்தான் 'முதல் பாட்டு' என்கிற மோகத்தில் எல்லாரையும் இடறச் செய்கிறது. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் முதல் தமிழ்ப் பாட்டு 'அடிமைப்பெண்' படத்தில் வந்தது என்று சொல்வார்கள். 1969-இல் திரைக்கு வந்த படம் அது. ஆனால் அதற்கும் முன்னால், வெளிவராமலே போன 'ஹோட்டல் ரம்பா' படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடினார், பிறகு 'சாந்தி நிலைய'த்துக்காகப் பாடினார், அந்தப் படம் அடிமைப்பெண்ணுக்குப் பிந்தி வந்தது. மூவரில் எவரைத் தலைச்சன் என்பது? 'முதலில் வெளிவந்த பாட்டு' என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் தீர்ந்துபோகும். வரிசை நிகழ்ச்சிகளுக்கு அந்த ஒரு வார்த்தை பாரமாயிருக்கிறது.

அறிவிப்பாளர்களை மாத்திரம் நொந்துகொள்வது நியாயமாகாது. பழைய படங்களின் எழுத்துப் பகுதியிலேயே 'பாடல்கள்' என்று போட்டு நான்கைந்து கவிஞர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டு, யாருக்கு எது என்று சொல்லாமல் விட்டவர்கள் உண்டு. 'நாடோடி மன்னன்' போன்ற பலர் எழுதிய படங்களில், எல்லாவற்றையும் பட்டுக்கோட்டைக்குக் கொடுத்துவிடும் சபலம் இதனாலேயே எழுகிறது. இசைத்தட்டின் வட்டச் சீட்டிலாவது சில பெயர்கள் இருந்தன. இன்று நிலையத்துக் கணினியிலிருக்கும் கோப்பில் பாட்டின் முதலடியும் படத்தின் பெயரும், தப்பித்தவறிப் பாடகரின் பெயரும் இருக்கலாம். கவிஞருக்கு அங்கே பெரும்பாலும் இடமே இல்லை. மூன்று மணி நேரம் தனியாகப் பேசி, விளம்பரமும் போட்டு, நேயர்களின் தொலைபேசிக்கும் பதில் சொல்லவேண்டிய ஓர் இளைஞர், இல்லாத தகவலை எங்கிருந்து வாசிப்பார்?

ஆனால் கேட்பவர்கள் கேட்டால் நிலையங்கள் தேடிக் கொடுத்திருக்கின்றன என்பதற்குச் சரித்திரம் உண்டு. 1949-இல் 'மஹல்' என்ற ஹிந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயருக்குப் பதிலாக, படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயராகிய 'காமினி' என்பதையே அச்சிட்டிருந்தார்கள். பாடியது யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. நிலையத்தார் இசைத்தட்டுக் கம்பெனியிடம் விசாரித்து, லதா மங்கேஷ்கர் என்று அறிவித்தார்கள். அதன்பிறகு அந்தப் பெயரை மறைக்க எவராலும் முடியவில்லை.

அத்தகைய கடிதங்களை எழுதவேண்டியவர்கள் நம் வாசகர்களே. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொட்டகைகளின் வாசலில் அந்நாளில் வாங்கிய பாட்டுப் புத்தகங்கள் உங்களில் சிலருடைய பரண்களில் இன்னும் இருக்கக்கூடும். பழைய இசைத்தட்டுகளும் இருக்கக்கூடும். பிழையான பெயரைக் கேட்ட அன்றைக்கே, படத்தின் பெயரையும் வருஷத்தையும் ஆதாரத்தையும் குறித்து, கோபமின்றி ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். காமராஜர் கதை அடுத்த முறை வானொலியில் வரும்போது, ஆர். கோவர்த்தனத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.