சளி மாத்திரை போட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் குழந்தைகள் பிரிவுக்கு இரண்டு வகைத் தாய்மார்கள் வருகிறார்கள். தும்மலுக்கு மாத்திரை போட்டோமே, அது பாலில் இறங்கிவிடுமே என்று பயந்து நாலைந்து நாள் பால் கொடுக்காமல் இருந்து, பால் குறைந்துபோன பிறகு வருபவர்கள் ஒரு வகை. மருந்துக்கடையில் 'சளிக்கு ஒரு செட்' வாங்கி விழுங்கிவிட்டு, "குழந்தை பாலுக்கே எழுந்திருக்க மாட்டேங்குது டாக்டர்" என்று ஓடிவருபவர்கள் இன்னொரு வகை. என்ன மாத்திரை என்று கேட்டால், பெயரில்லாத நாலு மாத்திரை இருக்கும் காகித உறையை நீட்டுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி

தும்மலுக்குத் தரும் லோரடடின், செட்ரிசின் போன்ற புதிய தலைமுறை அலர்ஜி மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

சிபிஎம் (குளோர்பெனிரமின்), அவில், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் ஆகியவை பழைய தலைமுறை மருந்துகள். இவை தூக்கத்தை வரவழைக்கும். எப்போதாவது ஒரு வேளை எடுத்தால் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. தினமும் எடுத்தால், அளவு கூடினால், குழந்தை மந்தமாகலாம்; சில குழந்தைகள் காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கும், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கும் கூடுதல் கவனம் வேண்டும். இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு குழந்தையை அணைத்தபடி ஒரே பாயில் தூங்குவது ஆபத்து.

மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் கலந்த மாத்திரைகள் பால் சுரப்பையே குறைக்கும். 2003-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 60 மில்லிகிராம் ஒரே வேளை எடுத்த தாய்மார்களுக்கு அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது.

நம்பிக்கைகளும் உண்மையும்

'மாத்திரை போட்டால் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும்.' லோரடடின், செட்ரிசினுக்கு இது தேவையே இல்லை. கொட்டுவது குழந்தையின் சாப்பாடு.

'தாய்க்குச் சளி பிடித்தால் பால் வழியாகக் குழந்தைக்கும் பிடிக்கும்.' சளி பரவுவது இருமலாலும் கைகளாலும்தான். பாலில் போவது அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி. முகக்கவசம் போடுங்கள், கை கழுவுங்கள், பால் கொடுங்கள்.

'சிரப்தானே, லேசானது.' இருமல் சிரப்பிலும் அதே சிபிஎம் இருக்கும். சிலவற்றில் இருமலை அடக்கும் கோடீனும் இருக்கும். பால் கொடுக்கும் தாய்மார்கள் கோடீன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. குழந்தையின் மூச்சையே அது மந்தமாக்கலாம்.

'எனக்குக் கேட்ட மருந்து பிள்ளைக்கும் கேட்கும்.' தன் சிரப்பைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சிபிஎம்மும் மூக்கடைப்பு மருந்தான ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் உத்தரவிட்டது. கைக்குழந்தைக்கு எப்படிக் கொடுக்க மனம் வருகிறது?

'சாம்பிராணிப் புகை சளியை எடுக்கும்.' எடுக்காது. பல வீடுகளில் தாயின் தும்மலுக்கும் பிள்ளையின் இளைப்புக்கும் காரணமே அந்தப் புகைதான்.

எப்போது ஓடிவர வேண்டும்?

குழந்தை பாலுக்கு எழாவிட்டால், சப்பும் வேகம் குறைந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், சிறுநீர் குறைந்தால் உடனே வாருங்கள். தாய்க்கு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

தயவுசெய்து கேளுங்கள்

மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ முதலில் சொல்ல வேண்டியது "நான் பால் கொடுக்கிறேன்" என்பதுதான். குழந்தைக்கு எத்தனை மாதம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரில்லாத செட் மாத்திரை வேண்டாம், அட்டையோடு வாங்குங்கள். வெறும் மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தாலும் உப்புநீர் சொட்டு மருந்து விட்டாலுமே பாதி சரியாகும். வீட்டுப் பெரியவர்களே, மருமகள் தும்மினாள் என்று பிள்ளையைப் பாலிலிருந்து பிரிக்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றே கேளுங்கள், பால் குறைந்த பிறகு வராதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.