நெல்வயலும் பன்றிப் பட்டியும்

நீர் நிறைந்த வயல். வரம்பிலே ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. மருத நிலத்தின் வளத்தைப் பாட வந்த கவிஞர் எவரும் விடாத காட்சி இது. அதனைப் படிக்குந்தோறும், அத்தகைய வயல்களுக்கு நடுவே நிகழ்ந்த துயரம் ஒன்றும் என் நினைவில் எழுகின்றது.

அநுராதபுரப் பகுதியிற் பரவிய யப்பானிய மூளையழற்சியையே குறிப்பிடுகின்றேன். 1985-86 இல் 385 பேர் நோயுற்றனர். அவர்களுள் 64 பேர் மாண்டனர். இலங்கை அதற்குமுன் இந்நோயை இத்துணைப் பெரிதாகக் கண்டதில்லை.

இந்நோயின் வைரசு, கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிடத்தே வாழ்வது. வயல்நீரிற் பெருகும் கியூலெக்சு இன நுளம்பு அதனைப் பன்றிக்குக் கொண்டு செல்கின்றது. பன்றியின் இரத்தத்திற் சில நாட்களுக்குள் வைரசு மிகப் பெருகுகின்றது. அந்நாட்களில் அதனைக் கடிக்கும் நுளம்புகள் நோயைச் சுமந்து அயல்வீடுகளுக்குட் புகுகின்றன. வியப்பு யாதெனில், வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோய்க்குறி எதனையும் காட்டுவதில்லை. சினைப்பன்றி செத்த குட்டிகளை ஈனும்போதே ஐயம் பிறக்கும். குட்டிகள் ஓயாது பிறப்பதால், எதிர்ப்புச் சக்தியற்ற புதிய உடல்களும் வைரசுக்கு ஓயாது கிடைக்கின்றன.

மாட்டையும் இந்நுளம்பு விரும்பிக் கடிக்கும். ஆயினும் மாட்டின் இரத்தத்தில் வைரசு போதியளவு பெருகுவதில்லை. மனிதனும் அவ்வாறே. நோயாளியிடமிருந்து மற்றவர்க்கு இது தொற்றாது. ஆகவே அவரை ஒதுக்கிவைத்தல் அறியாமை. தொற்றுக்குள்ளாகும் 250 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே கடும்நோய் வருகின்றது. வந்தாலோ மரணம் 30 வீதம் வரை நேரலாம். பிழைத்தாருட் பலர் பேச்சோ அறிவோ கைகால் வலுவோ குன்றி வாழ்நாளைக் கழிக்கின்றனர். நோயை மாற்றும் தனி மருந்தும் இல்லை.

இத்தொற்றுக்கு முன்னரே, நீர்ப்பாசன நெற்பகுதிகளில் ஏழைக் கமக்காரரின் வருவாயைப் பெருக்கும் பொருட்டுப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் வயலும் பறவையும் பட்டியும் வீடும் அருகருகே அமைந்தால் விளைவது என்ன என்பதற்கு, மேலதிக வருவாயை நாடிய அக்குடும்பங்களே விலை கொடுக்க நேர்ந்தது.

1988 இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபின் நோய் பெரிதும் தணிந்தது. எனினும், ஊசி பிள்ளையைக் காக்குமேயன்றிப் பறவையிடமுள்ள வைரசை அழிக்காது. 2022 இல் அவுஸ்திரேலியாவின் பன்றிப் பண்ணைகளிலே இந்நோய் பரவியது இதனை நினைவூட்டியது. உரிய வயதில் ஊசி, இரவில் நுளம்புவலை, குடிமனைக்கு எட்டவுள்ள பட்டி ஆகிய மூன்றும் இன்றும் வேண்டுவனவே.

கிராமத்துக்குப் புதுத்தொழில் ஒன்றை வகுப்போர், வரவு செலவுக் கணக்கரோடு மிருக வைத்தியரையும் பூச்சியியல் அறிஞரையும் முதல்நாளே அழைத்துக் கேட்டல் வேண்டும் என்பதே என் கருத்து. நோய் வந்தபின் கேட்கும் அறிவுரை, இறந்த பிள்ளைகளுக்கு உதவாதன்றோ?