பாட்டி பார்த்த அல்லிக்குளம்

அப்போது நான் உயர்நிலை மூன்றில் ஓவியத்தை ஒரு பாடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பாரிசின் ஓர்சே அரும்பொருளகத்திலிருந்து 60க்கும் மேற்பட்ட ஓவியங்கள் நம் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்துள்ளன என்று ஆசிரியர் சொன்னார். 2017 டிசம்பர் விடுமுறையில் கிளம்பிவிட்டேன். துணைக்கு வந்தவர் பாட்டி. அவருக்கு இரு கண்களிலும் கண்புரை. அறுவை சிகிச்சைப் பேச்சை எடுத்தாலே, “இருக்கிற பார்வையும் போயிட்டா?” என்று எழுந்து போய்விடுவார்.

கண்காட்சியை வண்ணங்களின் வரிசையில் அமைத்திருந்தார்கள். தொடக்கத்தில் மனேயின் கறுப்பு. போகப்போகக் கறுப்பு குறைந்து வெண்மை, பச்சை, நீலம் என்று மாறியது. பனியில் விழும் நிழல்கூட நீலமாக இருந்தது. நிழல் என்றதும் கறுப்புப் பென்சிலைத் தேடும் எனக்கு அது நல்ல பாடம்.

பிறகு குளோத் மோனேயின் அல்லிக்குளம். ஜிவெர்னியில் தம் வீட்டுத் தோட்டத்தில் இருந்த குளத்தை 1900இல் இளஞ்சிவப்பு மேலோங்க அவர் தீட்டியது. அருகில் போனால் வெறும் தீற்றல்கள். பத்தடி பின்னால் வந்தால் பாலம், தண்ணீர், அல்லி எல்லாம் தெரிகின்றன.

பாட்டி அங்கிருந்து நகரவே இல்லை. “எனக்கு எல்லாமே இப்படித்தாம்மா தெரியுது. இவருக்கும் கண்ணுல புரையா?” என்றார். நான் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படித்தபோது சிரித்தது தவறென்று புரிந்தது. மோனேவுக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. அந்தக் குளத்தை வரைந்தது அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு. எனவே அந்த மங்கல் நோயால் வந்ததல்ல. மாறிக்கொண்டே இருக்கும் ஒளியைப் பிடிக்க அவர் தேர்ந்த வழி. பின்னாளில்தான் நோய் முற்றி, நிறங்களையே நம்ப முடியாமல் தவித்தார். அவரும் அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்தான். 1923இல், 82 வயதில், வலக்கண்ணில் செய்துகொண்டார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று குறைபட்டார். ஆனாலும் மீண்டும் தூரிகை எடுத்து, பெரிய அல்லி ஓவியங்களைத் தொடர்ந்தார்.

ஒன்றையும் மறைக்காமல் பாட்டியிடம் சொன்னேன். “அந்தக் காலத்துலேயே செஞ்சிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, மருத்துவமனைக் கடிதத்தை எங்கே வைத்தாய் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “அந்தப் படமெல்லாம் எத்தனை நாளைக்கு இருக்கும்?” என்றார்.

“மார்ச் 11 வரை பாட்டி. இன்னொரு முறை போகலாம்” என்றேன்.