நாற்பது சூரியன் தாங்கும் வீடு!

என் மச்சான் ஊரில் வீடு கட்ட ஆரம்பித்தபோது, "ஒரு ஆர்க்கிடெக்டைப் பார்த்துடலாமே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் எதுக்கு மாப்ளே? பேப்பர்ல நாலு கோடு போட்டுட்டுக் காசு கேப்பார். நம்ம மேஸ்திரி அதைத் தரையிலேயே சுண்ணாம்புப் பொடியால போட்டுடுவாரு" என்றார்.

போட்டார். இன்று மச்சான் வீட்டு ஹால் ஜன்னலைத் திறந்தால், நேர் எதிரே பக்கத்து வீட்டு பாத்ரூம் ஜன்னல். இரண்டு குடும்பமும் வருஷம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள்.

ஆர்க்கிடெக்ட் என்றால் பங்களாக்காரர்களுக்குத்தான் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது... ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கதையைப் படிக்கும் வரை!

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்பர்ன் நகரில் வெயில் 46.4 டிகிரி செல்சியஸ். அனல் காற்று வேறு. கிங்லேக், மேரிஸ்வில் என்று மரங்களுக்கு நடுவே அழகாக இருந்த மலையூர்களை அன்று காட்டுத் தீ விழுங்கியது. 173 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். 'கறுப்புச் சனி' என்றே அந்த நாளுக்குப் பெயர்.

தீ அணைந்தது. அடுத்த கேள்வி: மறுபடி எங்கே, எப்படிக் கட்டுவது?

பொறிதான் வில்லன்

காட்டுத் தீ என்றதும் சினிமாவில் வருவது போல மலையளவு ஜுவாலை வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் நினைப்போம். நிஜத்தில் பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது தீப்பொறி. காற்றில் பறந்து வரும் எரியும் மரப்பட்டையும் சருகும். கூரை இடுக்கில் ஒன்று, தண்ணீர்க் காவாயில் காய்ந்து கிடக்கும் இலைக் குவியலில் ஒன்று, மரத் தரைக்கு அடியில் ஒன்று... திருடன் மாதிரி நுழையும். பெரிய தீ கடந்து போன பிறகும், உள்ளே புகைந்து கொண்டிருந்து சாவகாசமாகப் பற்றும்.

அதனால், புதிய வீட்டில் காற்றுப் போகும் துவாரங்களுக்கு உலோக வலை. வலைக்கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கொசு வலை போட்டுப் பழகிய நமக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே கடிக்க வருவது நெருப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்!

எத்தனை சூரியன்?

தீ விபத்து நடந்து ஒரே மாதத்தில், 2009 மார்ச்சில், காட்டோரம் கட்டும் வீடுகளுக்கான புதிய விதிமுறையை விக்டோரியா அமலுக்குக் கொண்டு வந்தது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு மார்க். 12.5, 19, 29, 40. அதற்கும் மேலே போனால் 'ஜுவாலை மண்டலம்'.

இந்த எண்கள் என்ன? ஒரு சதுர மீட்டர் சுவரில் எத்தனை கிலோவாட் வெப்பம் தாக்கும் என்ற கணக்கு. நம்ம ஊர்க் கத்திரி வெயில், உச்சி வேளையில், சுமார் ஒரு கிலோவாட். அதாவது, '40' என்று மார்க் வாங்கிய மனையில் கட்டும் வீடு நாற்பது சூரியனைத் தாங்க வேண்டும். ஒரு சூரியனுக்கே நாம் ஆபீஸில் ஏ.சி. மெஷினுக்குக் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக் கொள்கிறவர்கள்!

இங்கேதான் ஆர்க்கிடெக்ட் வருகிறார். முதலில் அவர் பென்சிலை எடுப்பதில்லை. மரம் எத்தனை அடி தூரம், சரிவு எந்தப் பக்கம் என்று நிலத்தைச் சுற்றி நடக்கிறார். தீ மேட்டில் ஏறும்போது வேகம் எடுக்கும். பத்து டிகிரி சரிவு கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்கு. ஆக, 'வியூ பிரமாதம்' என்று எல்லோரும் ஆசைப்படும் மலை உச்சிதான் மோசமான இடம். வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாலே 40 என்பது 29 ஆகலாம். கதவு, ஜன்னல், கண்ணாடி எல்லாவற்றிலும் செலவு குறையும். அவருடைய ஃபீஸ் அதிலேயே பெருமளவு வந்துவிடும்!

பிறகு கூரை. இலை தங்காதபடி மடிப்பு இல்லாத எளிய கூரை. மரத்துக்குப் பதில் உலோகம். உறுதியான கண்ணாடி, இழுத்து மூடும் ஷட்டர். தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு வண்டி வந்து திரும்ப வழி.

கையில் காசில்லாதவர்கள்? ஆஸ்திரேலிய ஆர்க்கிடெக்டுகள் பலர் இலவசமாகவே வீட்டு டிசைன்கள் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் எல்லாமே கோடு போட்டால் தீர்ந்துவிடுமா? வீட்டோடு சொந்தத்தையும் பறிகொடுத்தவரிடம் போய், 'சமையலறை எந்தப் பக்கம்? டைல்ஸ் என்ன கலர்?' என்று எப்படிக் கேட்பது? அவருக்குத் தோன்றுவதெல்லாம் பழைய வீடு, அதே இடத்தில், அப்படியே வேண்டும் என்பதுதான். 'அதே இடத்தில் வேண்டாம்' என்று பக்குவமாகச் சொல்வதும் அந்தத் தொழிலில் சேர்த்திதான்.

கணக்குப்பிள்ளை புத்தி

பி.காம். படித்தவன் ஆச்சே, எனக்கு இன்ஷூரன்ஸ் பக்கம்தான் கண் போனது. பாலிசி இருந்தும் பலருக்குப் பணம் பத்தவில்லை. ஏன்? என்றைக்கோ போட்ட தொகை. இதற்கு நடுவில் கூலி ஏறியது, விதிமுறை மாறியது. ஊரே ஒரே நேரத்தில் வீடு கட்டினால் கொத்தனாருக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு வேறு. பாலிசி பழைய வீட்டுக்கு, பில் புது வீட்டுக்கு!

சிலர் திரும்பவே இல்லை. ஆபத்தான மனைகளை அரசே வாங்கிக் கொள்ளும் திட்டமும் பின்னால் வந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. இறந்த 173 பேரில் 113 பேர் இறந்தது வீடுகளுக்குள். வீடு காப்பாற்றும் என்று நம்பி உள்ளே இருந்தவர்கள் எத்தனையோ பேர். எந்த ஆர்க்கிடெக்டும் 'இது எரியவே எரியாது' என்று எழுதிக் கொடுப்பதில்லை. நல்ல வீடு கொஞ்சம் அவகாசம் தரும். மோசமான நாளில் முன்கூட்டியே கிளம்பி விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் மச்சானிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"நம்ம ஊர்ல காடே இல்லையே மாப்ளே?"

"சரி மச்சான், வீட்டை எவ்வளவுக்கு இன்ஷூர் பண்ணியிருக்கீங்க?"

உள்ளே போய் பீரோவைக் குடைந்து, ஒரு பழுப்பேறிய காகிதத்தோடு வந்தார். லோன் வாங்கின வருஷம் பாங்க் போட்ட தொகை. இன்றைக்கு அதில் காம்பவுண்டு சுவர் கட்டலாம். கேட் போட முடியாது.

மச்சான் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, சாத்திக் கிடந்த ஹால் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

"ஆமா மாப்ளே... அந்த ஆர்க்கிடெக்ட் எவ்வளவு கேப்பாரு?"