தெள்ளுப்பூச்சியும் தூளிக் குழந்தையும்

(இளமறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

ஏற்காடு என்றவுடன் சமவெளியில் இருப்போர்க்கு ஏரியும் படகும் கோடைவிழா மலர்க்காட்சியும்தான் நினைவுக்கு வரும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவார்கள். இரண்டு நாள் தங்குவார்கள். மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, இம்மலையின் வேறொரு குடியும் நன்கு பழக்கம். அதன் பெயர் தெள்ளுப்பூச்சி. ஆண்டு மலரில் எழுத இதுவும் ஒரு பொருளா என்று வகுப்புத் தோழர்கள் சிரித்தனர். சிரிக்கட்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இப்பூச்சி புகுந்துவிட்டால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த என் அக்காவின் குழந்தைக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை. கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக எழுந்தன. எங்கள் வீடு காப்பித் தோட்டத்தை ஒட்டியது. நாய் ஒன்று, பூனை ஒன்று உண்டு. செய்தி பரவியதும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். நாயையும் பூனையையும் சேலத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றார் பாட்டி. தோட்டத்தில் தண்டுத் துளைப்பானுக்கு வாங்கி வைத்திருந்த குளோர்பைரிபாஸைத் தண்ணீரில் கலந்து தரை முழுவதும் அடித்துவிடலாம் என்றார் அப்பா. தூளியின் நான்கு மூலையிலும் அந்துருண்டை கட்டச் சொன்னார் பக்கத்து வீட்டு அத்தை. மூவரும் குழந்தையின் மேல் வைத்த அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றுமே கூடாது என்று விலங்கியல் படிக்கும் நான் வாதாட வேண்டியதாயிற்று. அந்த வாதத்தைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் கடித்தது தெள்ளுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உண்ணி, மூட்டைப்பூச்சி, பேன், தெள்ளு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவது நம் வழக்கம். உண்ணிக்கு எட்டுக்கால், அது பூச்சியினமே அன்று. தோலில் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் இரத்தம் குடித்து ஊதும். மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்கில் பகலைக் கழித்து இரவில் வரும். தெள்ளு இறக்கையற்றது, பக்கவாட்டில் தட்டையானது, விரலால் நசுக்க முயன்றால் நழுவித் தாவிவிடும். நாயின் முதுகில் வால் தொடங்கும் இடத்தில் மயிரை விலக்கிப் பேன்சீப்பால் வாருங்கள். கறுப்பு மிளகுத்தூள் போல் ஏதேனும் உதிர்ந்தால், அதை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் ஐயமில்லை. அது தெள்ளின் கழிவு, செரித்த இரத்தம். இச்சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை.

இனி அதன் வாழ்க்கையைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாயின் மேல் இருப்பதும் உலகின் பல பகுதிகளில் பூனைத் தெள்ளுதான். பெட்டைத் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்கூட இடும். பேனின் ஈரைப்போல் அவை மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை, வழவழப்பானவை, உதிர்ந்துவிடும். நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் விதை விதைத்தாற்போல் விழும். சில நாளில் காலில்லாத, கண்ணில்லாத வெண்புழு வெளிவரும். வெளிச்சத்துக்கு அஞ்சித் தரைவெடிப்பிலும் சாக்கின் அடியிலும் புகுந்துகொள்ளும். அதன் முக்கிய உணவு, முன்பு சொன்ன அந்தக் கறுப்புத்தூளே. தாய் குடித்த இரத்தத்தின் மிச்சமே பிள்ளைக்குச் சோறு. பிறகு பட்டுநூலால் கூடு கட்டி அதனுள் கூட்டுப்புழுவாகும். கூட்டின் மேல் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. வளர்ந்த பூச்சி உடனே வெளிவர வேண்டுமென்பதில்லை. தரை அதிர வேண்டும். சூடு தட்ட வேண்டும். மூச்சுக்காற்றின் கரியமிலவாயு பட வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்க வல்லது. வீட்டிலுள்ள மொத்தக் கூட்டத்தில் நம் கண்ணில் படும் பூச்சி நூற்றுக்கு ஐந்து அளவே என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் கிடக்கின்றன.

சேலத்தில் இருக்கும் நண்பர்கள், "எங்கள் வீட்டு நாய்க்கும்தான் தெள்ளு இருந்தது, கோடையில் தானாகவே போய்விட்டதே" என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இறங்கினாலும், வெப்பம் 35 டிகிரிக்கு மேல் நீடித்தாலும் புழு பிழைப்பதில்லை. சேலத்துச் சித்திரை வெயிலே அங்கு இலவசப் பூச்சிமருந்து. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்களுக்கோ அந்தச் சலுகை இல்லை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும். துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட வீடுகளில் பலகைத்தரை வேறு. தெள்ளுப்புழுவுக்கென்றே கட்டிய மாளிகை எனலாம்.

தெள்ளு என்றாலே பெரியவர்களுக்குப் பிளேக் நினைவு வரும். அது பொருளற்ற அச்சம் அன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் தலைகாட்டியபோது அது எப்படிப் பரவுகிறது என்று எவருக்கும் தெரியாது. மண்ணிலிருந்து வருகிறது, தானியத்திலிருந்து வருகிறது என்றெல்லாம் சொன்னார்கள். 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். பெரிய கண்ணாடிச் சாடிக்குள் தெள்ளு நிறைந்த நோயுற்ற எலியை விட்டார். அது இறந்தது. நலமான எலி ஒன்றைக் கம்பிக்கூட்டில் வைத்து, பிணத்தைத் தொடாதபடி அதே சாடிக்குள் தொங்கவிட்டார். சில நாளில் அந்த எலிக்கும் பிளேக் கண்டது. இடையில் சென்றுவர முடிந்தது தெள்ளு ஒன்றுதான். இருந்தும் பலர் நம்பவில்லை. 1905-இல் தொடங்கிய இந்தியப் பிளேக் ஆராய்ச்சிக் குழுவே அதை ஐயமற உறுதிப்படுத்தியது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எலி உயிரோடு இருக்கும்வரை தெள்ளு அதை விட்டு எளிதில் நீங்காது. எலி செத்துக் குளிர்ந்தபின்தான் மனிதனைத் தேடும். 1993 செப்டம்பர் 30-இல் மகாராஷ்டிரத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது. மக்கள் விட்டுச்சென்ற வீடுகளில் தானியம் கிடந்தது, எலி பெருகியது. 1994 ஆகஸ்டில் பீடு மாவட்டத்து மாம்லா கிராமத்தில் முதலில் எழுந்த முறையீடு காய்ச்சலைப் பற்றியதன்று, தெள்ளுக்கடியைப் பற்றியது. பிளேக் பின்னால் வந்தது. நமக்கு அருகிலும் கோலார், சித்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்கள் கூடும் எல்லைப்பகுதி பழைய பிளேக் நிலங்களுள் ஒன்று. கிருஷ்ணகிரி 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பது நினைவிருக்கட்டும். ஆனால் பிளேக்கை முதன்மையாகச் சுமப்பது எலித்தெள்ளு, பூனைத்தெள்ளு அன்று. எங்கள் வீட்டில் பாட்டியின் அச்சத்தைத் தணிக்க இதை நான் பலமுறை சொல்ல நேர்ந்தது. பூனைத்தெள்ளால் குழந்தைக்கு வரக்கூடியவை வேறு: கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாதல், தவழும் பருவத்தில் பூச்சியை வாயில் போட்டு விழுங்கினால் நாடாப்புழு, அரிதாகத் தெள்ளுவழிக் காய்ச்சல். கடியோடு காய்ச்சலும் கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

இப்போது அந்த மூன்று தீர்ப்புகளுக்கு வருகிறேன். நாயை அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? தரையிலுள்ள கூடுகள் அப்படியே இருக்கும். வெளிவரும் பூச்சிக்கு நாய் கிடைக்காது, குழந்தைதான் கிடைக்கும். மாறாக, மருந்து கொடுத்த நாய் வீட்டில் உலவினால் ஏறும் தெள்ளெல்லாம் அதன்மேல் மடியும். நாய் நடமாடும் பொறி ஆகிறது. இதைச் சொன்னபோது பாட்டி நாயை முதன்முறையாகச் சற்று மரியாதையோடு பார்த்தார்.

குளோர்பைரிபாஸ் நரம்பைத் தாக்கும் நஞ்சு. பூச்சியின் உடலில் எந்த நொதியை முடக்குகிறதோ அதே நொதி நம் உடலிலும் உண்டு. தரையில் படிந்தது குழந்தையின் கைவழி வாய்க்குப் போகும். அதன் சிறிய உடலுக்குச் சிறிதளவும் பெரிதே. முன்பு சர்வ சாதாரணமாகத் தூவப்பட்ட லிண்டேன் பொடிக்கு 2013 முதல் இந்தியாவில் தடை உண்டு. பழைய டப்பா எங்கேனும் பரணில் கிடந்தால் திறக்காதீர்கள். அந்துருண்டையில் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சட்காமாலையை வரவழைக்கும். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கற்பூரமும் அப்படியே, விழுங்கினால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய் நம் ஊர்ச் சரக்காயிற்றே என்பார்கள். கைக்குழந்தைகளுக்கு அதைப் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981-இல் மலேசிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. நாய்க்குப் பூண்டு கொடுத்தால் தெள்ளு ஓடும் என்ற யோசனையும் வந்தது. பூண்டு நாய்க்கும் பூனைக்கும் இரத்தச்சோகை தரக்கூடியது.

அப்படியானால் நாங்கள் என்னதான் செய்தோம்? முதலில் கால்நடை மருத்துவரிடம் சென்று, வீட்டில் கைக்குழந்தை உண்டு, பூனையும் உண்டு என்று இரண்டையும் சொன்னோம். இரண்டாவதைச் சொல்வது மிக முக்கியம். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மயிரில் மருந்து படிந்திருக்காமல் இருக்க, நாய்க்கு உள்ளே கொடுக்கும் மாத்திரை தந்தார். வலிப்பு நோயுள்ள நாய்க்கு இவ்வகை மாத்திரையை யோசித்தே கொடுக்க வேண்டுமாம். பூனைக்கு, பூனைக்கென்றே உள்ள சொட்டுமருந்தைப் பிடரியில் இட்டார். அது உலரும்வரை பூனையை விறகு அறையில் வைத்தோம். அது செய்த ஆர்ப்பாட்டத்தைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

தரைக்கு மருந்தே அடிக்கவில்லை. நாள்தோறும் பெருக்கினோம், வெறுமனே மேலாக அல்ல, கட்டிலடி, சுவரோரம், பலகை இடுக்கு எல்லாம். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய தூசி உறிஞ்சும் கருவி பெரிதும் உதவியது. அதன் அதிர்வே கூட்டிலுள்ள பூச்சியை எழுப்பிவிடும். எழுந்தது உள்ளே போகும். சேர்ந்த தூசியைப் பையில் இறுகக் கட்டி உடனே வெளியேற்றினோம். நாய் படுத்திருந்த காப்பிச் சாக்குகளை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய பழைய போர்வையை விரித்தோம். வாரம் ஒருமுறை அதையும் குழந்தையின் துணிகளையும் கொதிநீரில் ஊறவைத்தோம். கம்பளிகளுக்கு வெந்நீர் ஆகாது, வெயிலும் இல்லை. அவற்றை மூட்டையாகக் கட்டிப் பேருந்தில் ஏற்றிச் சேலத்து மாமா வீட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவந்தேன். நடத்துநர் மூட்டைக்கும் சீட்டுக் கிழித்தார். தரைவெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தோம்.

நாள்தோறும் நாயையும் பூனையையும் பேன்சீப்பால் வாரி, சிக்கியவற்றைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். வெறுந்தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பும்; சோப்பு கலந்தால் மூழ்கும். இரவில் தரையில் அகன்ற தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே சிறு விளக்கு வைத்தால் சில வந்து விழும். இதனால் ஒழியாது, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க உதவும். அதைவிட நல்ல அளவுகோல் எங்கள் தாத்தாவின் வெள்ளை வேட்டி. அதைக் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தால் முழங்காலுக்குக் கீழே கரும்புள்ளிகளாக ஏறும், எண்ணிவிடலாம்.

குழந்தையைக் காத்தது தூளிதான். தெள்ளு ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் உயரமே தாவும். உத்திரத்தில் இடுப்பளவு உயரத்தில் கட்டிய தூளியை அதனால் எட்ட முடியாது. சேலைநுனி தரையில் புரளக் கூடாது. தூளியின் அடியில் நாயைப் படுக்க விடக் கூடாது. குழந்தையைப் பாயில் கிடத்தும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கடிபட்ட இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றினோம்; வேறெதுவும் பூசவில்லை.

இரண்டாம் வாரத்தில் வேட்டியில் ஏறியவை குறையவில்லை; கூடின. மருந்து பலிக்கவில்லை என்று அப்பா மீண்டும் தோட்டக் கொட்டகைப் பக்கம் நடந்தார். கூட்டுக்குள் இருப்பவற்றை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. எங்கள் பெருக்கலும் நடமாட்டமும்தான் அவற்றை எழுப்பிக்கொண்டிருந்தன. வந்தவை முட்டையிடுமுன் நாயின்மேல் மடிந்தால் போதும் என்று விளக்கி நிறுத்தினேன். நான்காம் வாரம் குறைந்தது. எட்டாம் வாரம் வேட்டி வெள்ளையாகவே இருந்தது. நாயின் மாத்திரையை மருத்துவர் சொன்ன கணக்கில் மேலும் சில மாதம் தொடர்ந்தோம்.

ஆண்டில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் விடுமுறை வீடுகள் இம்மலையில் ஏராளம். கோடைக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் கதவைத் திறந்து நான்கடி வைத்ததும், காத்திருந்த கூடுகளெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். உங்களில் யாரேனும் கைக்குழந்தையோடு அப்படிப்பட்ட வீட்டுக்கு வருவதாயிருந்தால், நான்கு நாள் முன்னதாகவே ஓராளை அனுப்பிச் சன்னல்களைத் திறந்து, தரையை அதிர அதிர நடந்து, நாள்தோறும் பெருக்கி வைக்கச் சொல்லுங்கள். போகிறவர் வெள்ளை வேட்டி கட்டிப் போகட்டும்.