பேரேட்டில் ஒரு திருத்தம்: பூமி சூடாவது யாரால்?

நம் சங்க விழா ஒன்றில் நான் பேசியது சில அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். "பூமி சூடாவது புதிதல்ல. சூரியன் சில காலம் கூடும், சில காலம் குறையும். இதில் மனிதன் செய்ய என்ன இருக்கிறது?" என்று அடித்துப் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படிக்கும் பேத்தி பிடித்துக்கொண்டாள்.

"வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க, தாத்தா? நீங்க பேசினதுக்கு வவுச்சர் எங்கே?"

என்னிடம் இல்லை. நான் விஞ்ஞானி அல்லன். தொம்மலூரில் அரிசிக் கடை வைத்திருப்பவன், ஓய்ந்த வேளையில் கல்வெட்டு படிப்பவன். அன்று முதல் தேடிப் படித்தேன். பேரேட்டில் பிழை கண்டால் சிவப்பு மையில் அடித்துத் திருத்துவது வியாபாரியின் கடமை. அதைத்தான் இங்கே செய்கிறேன்.

பனியில் உள்ள கல்வெட்டு

நம் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்டே இவ்வூருக்குத் தேசிமாணிக்கபட்டணம் என்றொரு பெயர் இருந்ததை அறிகிறோம். எழுதியவர்கள் போய்விட்டாலும் கல் பேசுகிறது. அண்டார்டிகாவின் பனியும் அப்படித்தான். ஆண்டுதோறும் விழுந்த பனி அடுக்கடுக்காக இறுகும்போது அந்தந்தக் காலத்துக் காற்றும் சிறு குமிழிகளாக உள்ளே அடைபட்டுவிடுகிறது. அதைத் துளையிட்டு எடுத்து 8 லட்சம் ஆண்டுகளின் காற்றை அளந்திருக்கிறார்கள். அவ்வளவு காலத்திலும் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டியதில்லை. ஆலைகள் பெருகுவதற்கு முன் 280 பங்கு இருந்தது. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் நேரடியாக அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது.

சரக்கு யாருடையது?

கூடியது சரி, கூட்டியது யார்? மூட்டையைப் பிரித்துப் பார்த்தாலே அரிசி எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். கரிக்கும் அந்த அடையாளம் உண்டு. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும். மரம் பட்டபின் அது 5,730 ஆண்டுக்கொரு முறை பாதியாகக் குறையும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோ பல லட்சம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது; அதில் கார்பன்-14 மிஞ்சியிராது. பெட்ரோலியமும் அவ்வாறே. காற்றில் கார்பன்-14-இன் விகிதம் குறைந்து வருவதை 1955-லேயே ஹான்ஸ் சூயெஸ் மரத்தின் வளையங்களில் கண்டுசொன்னார். பழைய கரி வந்து கலந்ததே காரணம்.

"எரிமலைக் கரியிலும் கார்பன்-14 கிடையாதே" என்று நானும் குறுக்குக் கேள்வி போட்டேன். அதற்கும் விடை இருக்கிறது. எதையாவது எரித்தால் பிராணவாயு செலவாகும். எரிமலை கக்கினால் அப்படிச் செலவாகாது. 1980-களின் இறுதியிலிருந்து கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அளந்துவருகிறார். காற்றில் பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது. மூச்சு முட்டும் அளவுக்கல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் வரவும் செலவும் நேராகிவிட்டன.

சூரியன்மேல் போட்ட பழி

நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சூரியனை. அதற்குச் சாட்சி நம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்ட அவ்வானாய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் நமக்குப் பக்கத்துக் கோரமங்கலாவில்தான்! சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. 1978 முதல் செயற்கைக்கோள்களும் சூரிய ஒளியை அளக்கின்றன. அச்சுழற்சியில் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மொத்தத்தில் ஒளி கூடவில்லை. பூமியின் வெப்பமோ அந்த ஆண்டுகளில்தான் வேகமாக ஏறியது.

இன்னொன்று. சூரியன் சூடேற்றினால் மேல்வானமும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு போர்வையாக இருந்தால் கீழே சூடும் மேலே குளிர்ச்சியுமாக இருக்கும் என்று 1967-லேயே மனாபேயும் வெதரால்டும் கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னர் அளந்தபோது அப்படியே இருந்தது. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டையும் கலக்காதீர்கள்

2016 ஏப்ரலில் பெங்களூரு 39.2 டிகிரியில் வெந்ததே, அது முழுக்க இதனால்தானா என்று கேட்பீர்கள். அல்ல. ஏரியைத் தூர்த்ததும், மரத்தை வெட்டியதும், எங்கும் கான்கிரீட் போட்டதும் நம் ஊருக்குத் தனிக் கணக்கு. அது உலகக் கணக்கின்மேல் ஏறிய கூடுதல் வட்டி. உலகக் கணக்கில் மனிதனால் ஏறியது சுமார் 1.1 டிகிரி என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் முடிவு சொன்னது.

ஒரு டிகிரிதானே என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். ஆரணிப் பக்கத்து நெல்லை நம்பிப் பிழைப்பவன் நான். நெல் பூக்கும் வேளையில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் மணி பிடிக்காமல் பதராகும். ஏற்கெனவே அந்த வரம்பை ஒட்டியுள்ள வயலுக்கு ஒரு டிகிரியும் பெரிசுதான்.

சூரியன் வைத்த கடன் என்றால் கையை விரித்துவிடலாம். கையெழுத்து நம்முடையது என்று தெரிந்தபின் முடியாது. அடுத்த விழாவில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தால், அன்று மேடையில் தப்பாகச் சொன்னதை அதே மேடையில் திருத்திச் சொல்வேன். வவுச்சர்களைப் பேத்தி எடுத்து வருவாள்.