பண்டமாற்று வட்டம்: மலை விவசாயிக்கும் அடிவார வியாபாரிக்கும் லாபம்

பண்டமாற்று என்றதும் அது பாட்டன் காலத்துச் சங்கதி என்று பலர் எண்ணக்கூடும். உமணர்கள் உப்பு வண்டி ஓட்டி வந்து, உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றதாகச் சங்க இலக்கியங்கள் கூறுகின்றன. நம் கிராமங்களிலோ அந்த வழக்கம் இன்னும் முழுவதும் மறைந்து போகவில்லை. ஆட்டுக்கிடை போட்டவருக்கு நெல் அளப்பதும், மாவு மில்லில் அரைத்த கூலிக்குத் தானியம் கொடுப்பதும், நடவுக்கு ஒருவர் வீட்டுக்கு மற்றவர் ஆள் மாற்றிக்கொள்வதும் பண்டமாற்றே ஆகும்.

பழைய பண்டமாற்றில் உள்ள குறைகளை நீக்கி, பல விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு வட்டமாக அமைத்துக்கொண்டால் கையில் ரொக்கம் இல்லாத மாதங்களிலும் தொழில் நிற்காமல் நடக்கும். இதன் முறையையும், இதில் உள்ள அபாயங்களையும் இங்கு விளக்குவோம்.

ஒருவரிடம் மட்டும் மாற்றினால்...

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலைமேல் உள்ள கரியாலூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். மலையில் சாமை, தினை, வரகு போன்ற சிறுதானியங்களும் மரவள்ளியும் விளைகின்றன. புளி, கடுக்காய், தேன் ஆகியவையும் கிடைக்கின்றன. அடிவாரத்தில் கச்சிராயப்பாளையம், கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கடை, செக்கு, கொல்லுப்பட்டறை எல்லாம் உண்டு. மலையில் உள்ளது அடிவாரத்துக்குத் தேவை. அடிவாரத்தில் உள்ளது மலைக்குத் தேவை.

ஆனால் மலை விவசாயிக்கு அறுவடைக்கு முந்திய மாதங்கள் பஞ்ச மாதங்கள். அப்போது உப்பு, எண்ணெய், துணி, மருந்துச் செலவு எல்லாவற்றுக்கும் ஒரே வியாபாரியிடம் கை நீட்ட வேண்டி வருகிறது. "அறுவடையில் சாமையாகக் கொடுத்துவிடு" என்று வியாபாரி சொல்லுவார். கொடுத்த எண்ணெய்க்கு விலை வைப்பவரும் அவரே. வாங்கும் சாமைக்கு விலை வைப்பவரும் அவரே. கணக்கு நோட்டு இருப்பதும் அவரிடமே. மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது விவசாயிக்கு எங்கே பேரம் பேச இடம்?

மரவள்ளியில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கறுத்துக் கெட்டுவிடும். லாரி ஏற்றி ஆத்தூர், சேலம் பக்கம் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்ப வேண்டும். தோண்டிய பிறகு விலை பேசினால் சொன்ன விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே பண்டமாற்று என்பது தானாகவே நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. ஒரே ஒருவரோடு மட்டும் மாற்றிக்கொள்வது கட்டு. பலரோடு, பொதுவான கணக்கில் மாற்றிக்கொள்வது பலம்.

வட்டம் என்றால் என்ன?

இருவருக்குள் நடக்கும் பண்டமாற்றில் பெரிய குறை ஒன்று உண்டு. உங்களிடம் சாமை இருக்கிறது, மண்வெட்டி வேண்டும். கொல்லருக்கோ சாமை வேண்டாம், எண்ணெய் வேண்டும். செக்குக்காரருக்கு அரிசி வேண்டும். ஒருவருக்கொருவர் தேவை பொருந்தாததால் மாற்று நடக்காமல் போகிறது.

வட்டத்தில் இந்தக் குறை இல்லை. நீங்கள் யாருக்குப் பொருள் கொடுக்கிறீர்களோ அவரிடமிருந்தே திரும்ப வாங்க வேண்டும் என்பதில்லை. கொடுத்த பொருளின் மதிப்பு உங்கள் பெயரில் வரவாக எழுதப்படும். வாங்கியவர் பெயரில் பற்றாக எழுதப்படும். அந்த வரவைக் கொண்டு வட்டத்தில் உள்ள வேறு யாரிடமும் பொருளோ வேலையோ பெறலாம். மதிப்பு ரூபாயில் எழுதப்படும், ரூபாய் கைமாறாது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, நான்கு பேர் உள்ள வட்டம் என்று வைத்துக்கொள்வோம். மலையில் சாமை விவசாயி, அடிவாரத்தில் நெல் விவசாயி, ஒரு கொல்லர், ஒரு செக்குக்காரர். விலைகளும் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

சாமை விவசாயி 50 கிலோ சாமையைக் கிலோ 40 ரூபாய் மதிப்பில் நெல் விவசாயிக்குக் கொடுக்கிறார். மதிப்பு 2,000.

கொல்லர் சாமை விவசாயிக்கு மண்வெட்டி, கொத்து, அரிவாள் செய்து கொடுக்கிறார். மதிப்பு 800.

செக்குக்காரர் கொல்லருக்கு 4 லிட்டர் கடலை எண்ணெய் கொடுக்கிறார். மதிப்பு 1,000.

நெல் விவசாயி செக்குக்காரருக்கு 36 கிலோ அரிசியைக் கிலோ 50 ரூபாய் மதிப்பில் கொடுக்கிறார். மதிப்பு 1,800.

முடிவில் சாமை விவசாயிக்கு 1,200 வரவு. கொல்லருக்கு 200 பற்று, செக்குக்காரருக்கு 800 பற்று, நெல் விவசாயிக்கு 200 பற்று. பற்று மூன்றையும் கூட்டினால் 1,200. வரவும் பற்றும் எப்போதும் சமமாகவே இருக்கும். சமமாக இல்லாவிட்டால் கணக்கில் தவறு இருக்கிறது என்று அறியலாம். மொத்தம் 5,600 ரூபாய் மதிப்புள்ள கொடுக்கல் வாங்கல் ஒரு ரூபாய் ரொக்கம் இல்லாமல் நடந்திருக்கிறது. நால்வரில் எந்த இருவரும் நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வியாபாரிக்கும் தொழிலாளிக்கும் என்ன லாபம்?

மாவு மில் வைத்திருப்பவருக்கு எல்லா நாளும் வேலை இருப்பதில்லை. சும்மா நிற்கும் மில் யாருக்கும் சோறு போடாது. ரொக்கம் இல்லாததால் வராமல் இருந்தவர்கள் வட்டக் கணக்கில் வந்து அரைத்துக்கொண்டால், ஓய்ந்த நாட்களும் வரவாக மாறும். தையற்காரர், கொல்லர், வண்டி வைத்திருப்பவர், ஏர் ஓட்டுபவர், கிடை போடுபவர் அனைவருக்கும் இது பொருந்தும்.

கடைக்காரருக்குப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள். தேங்கிக் கிடக்கும் சரக்கு நகர்கிறது. வீட்டுக்கு வேண்டிய தானியம், காய்கறி முதலியவற்றை வட்டத்திலேயே பெறுவதால் கையிலுள்ள ரொக்கம் மிஞ்சுகிறது. அந்த ரொக்கத்தை மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், வங்கித் தவணை போன்ற, ரொக்கமாகவே கட்ட வேண்டிய செலவுகளுக்கு ஒதுக்கலாம். விவசாயிக்கோ பஞ்ச மாதத்தில் வட்டிக்கு வாங்கும் கடன் குறைகிறது. இதுவே பெரிய லாபம்.

பிற இடங்களில் கண்ட அனுபவம்

மலையும் சமவெளியும் மாற்றிக்கொள்வதற்கு அசாம் மாநிலத்தில் நல்ல உதாரணம் உள்ளது. மோரிகான் மாவட்டம் ஜாகிரோடு அருகே ஆண்டுதோறும் தை மாதத்தில் மாக் பிகுப் பண்டிகையை ஒட்டி ஜோன்பீல் மேளா மூன்று நாட்கள் நடக்கிறது. திவா, கார்பி, காசி முதலிய மலைவாழ் மக்கள் இஞ்சி, மஞ்சள், கிழங்கு முதலியவற்றைக் கொண்டு இறங்குகிறார்கள். சமவெளி மக்கள் அரிசிப் பலகாரம், கருவாடு முதலியவற்றைக் கொடுத்து அவற்றைப் பெறுகிறார்கள். அங்கே பலர் பலரோடு ஒரே இடத்தில் மாற்றுவதால், ஒருவர் விகிதம் பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம்.

கணக்கு முறையில் நீண்ட காலம் நிலைத்தது சுவிட்சர்லாந்தின் 'வீர்' அமைப்பு. உலகப் பொருளாதார மந்தத்தில் ரொக்கம் வற்றிப்போன 1934-ல் 16 பேர் அதைத் தொடங்கினார்கள். பின்னர் பல்லாயிரம் சிறு தொழில் நடத்துபவர்கள் சேர்ந்தார்கள். பிற்பாடு அதுவே வங்கியாகவும் வளர்ந்தது. அங்கே ஒரு பகுதியை வட்டக் கணக்கிலும் மீதியை ரொக்கத்திலும் வாங்கும் வழக்கம் உண்டு. கனடாவில் 1983-ல் மைக்கேல் லின்டன் என்பவர் தொடங்கிய முறையில் எல்லோர் கணக்கும் சுன்னத்தில் தொடங்கும்; வட்டி கிடையாது.

எச்சரிக்கைக்கு அர்ஜென்டினா நாட்டைச் சொல்லலாம். அங்கே 1995-ல் பெர்னால் என்ற ஊரில் சிறு குழுவாகத் தொடங்கிய பண்டமாற்றுச் சங்கம், 2001, 2002-ம் ஆண்டுகளின் நெருக்கடியில் லட்சக்கணக்கானோர் சேர்ந்த பெரும் அமைப்பாக வளர்ந்தது. கணக்கு நோட்டுக்குப் பதில் அச்சடித்த சீட்டுகள் புழங்கின. சீட்டுகளை அளவுக்கு மீறி அச்சடித்தார்கள். கள்ளச் சீட்டும் கலந்தது. பொருள் குறைவு, சீட்டு அதிகம் என்ற நிலை வந்ததும் 2002-லேயே அது சரிந்தது. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டமும், எல்லோரும் பார்க்கும் நோட்டுமே பாதுகாப்பு என்பது இதில் கிடைக்கும் பாடம்.

விகிதத்தில் ஏமாறக் கூடாது

'கிலோவுக்குக் கிலோ' என்ற பேச்சு கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் 100 கிலோ சாமையைக் குத்தினால் சுமார் 60 கிலோ அரிசிதான் கிடைக்கும். உமியோடு கூடிய சாமைக்கு ஒரு மதிப்பு, சாமை அரிசிக்கு வேறு மதிப்பு. ஈரமான தானியத்துக்கும் காய்ந்த தானியத்துக்கும் மதிப்பு ஒன்றல்ல. ஆகவே எந்தப் பொருளையும் முதலில் ரூபாயில் மதிப்பிட்டு, பிறகே மாற்ற வேண்டும்.

புளி, தேன், கடுக்காய் ஆகியவற்றை வட்டத்தில் கொடுக்கும் முன், மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்கு கூட்டுறவுச் சங்கத்தில் என்ன விலை என்று விசாரிப்பது நல்லது. கடுக்காய் தோல் பதனிடும் தொழிலுக்கும் மருந்துக்கும் பயன்படுவது. அதை ரொக்கத்துக்கு விற்பதே லாபமாக இருக்கலாம். மரவள்ளியை வட்டத்தில் கொடுப்பதானால், யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்த பிறகே தோண்ட வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒருவரையொருவர் அறிந்த 15, 20 பேரோடு தொடங்கவும். எல்லோரும் சாமை விவசாயிகளாக இருந்தால் பயன் இல்லை. மலைக்காரர், அடிவாரத்துக்காரர், கடைக்காரர், தொழிலாளி எனக் கலந்து இருக்க வேண்டும்.

2. ஒவ்வொருவரும் தம்மால் கொடுக்கக்கூடியது எது, தமக்கு வேண்டியது எது என்று இரண்டு பட்டியல் எழுதித் தர வேண்டும். ஒருவர் தருவதை யாரும் கேட்கவில்லை என்றால் அவர் இப்போது சேராமல் இருப்பதே அவருக்கு நல்லது.

3. பற்றுக்கு வரம்பு வேண்டும். தொடக்கத்தில் ஒருவர் 1,000 அல்லது 2,000 ரூபாய்க்கு மேல் பற்றில் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். வரவுக்கும் வரம்பு தேவை. பெரிய வரவு செலவழிக்க முடியாமல் நின்றால் அதுவும் நஷ்டமே.

4. கணக்கு எழுதுபவர் வியாபாரியாக இருக்கக் கூடாது. மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர் பொருத்தமானவர். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் அன்றைக்கே கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். மாதம் ஒரு முறை எல்லார் கணக்கையும் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும்.

5. மதிப்பை மாதம் ஒரு முறை கள்ளக்குறிச்சிச் சந்தை விலையைப் பார்த்து எல்லோரும் கூடி நிர்ணயிக்க வேண்டும். முத்திரையிட்ட தராசையே பயன்படுத்த வேண்டும்.

6. விளைச்சல் முழுவதையும் வட்டத்தில் போடலாகாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்து வைத்ததைத் தொடவே கூடாது.

7. விலக விரும்புகிறவர் பற்றைப் பொருளாகவோ ரொக்கமாகவோ தீர்த்துவிட்டே விலக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

8. 2017-ல் வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் பண்டமாற்றையும் விற்பனை போலவே கருதுகிறது. தன் நிலத்து விளைச்சலை மட்டும் கொடுக்கும் விவசாயி இதற்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு பெற்ற கடைக்காரரும் மில்காரரும் மட்டும் வட்டக் கொடுக்கல் வாங்கலையும் தம் கணக்கில் காட்ட வேண்டும்.

பண்டமாற்று வட்டம் ரொக்கத்துக்கு மாற்று அல்ல, துணை மட்டுமே. மழை பொய்த்து எல்லார் விளைச்சலும் போனால் வட்டத்தாலும் பெரிதாக உதவ முடியாது. ஆனால் சாதாரண ஆண்டில், பஞ்ச மாதத்தில் நாலு லிட்டர் எண்ணெய்க்காக வரப்போகும் சாமையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் நிலையை இது தவிர்க்கும். இந்த அறுவடைக்கு முன்பே பத்துப் பேர் கூடி உட்கார்ந்து பட்டியல் எழுதிப் பார்க்கட்டும். தேவையும் பொருளும் பொருந்தினால் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நல்ல தராசும் போதும். வேறு முதலீடு வேண்டியதில்லை.